‘ரோடு காலியாத்தானே சார் இருந்துச்சு!’ - நகரச் சாலையில் எவ்வளவு வேகம் சரி?

வேகமாகப் போய் ஃபைன் கட்டிய யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள், முதலில் இந்தப் பதில்தான் வரும். ‘‘ரோடு காலியாத்தானே சார் இருந்துச்சு... கொஞ்சம் வேகமா போனா என்ன தப்பு?’’

கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். காலை எட்டரை மணிக்கு வடபழனி சிக்னலில் கிளட்சை மிதித்து மிதித்துக் கால் வலித்தவருக்கு, இரவு பத்து மணிக்கு அதே 100 அடி சாலை விரிந்து கிடந்தால், கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரை அழுத்தத்தான் செய்யும். நீங்களும் நானும் இதற்கு விதிவிலக்கில்லை.

ஆனால் ஒரு விஷயம். ‘ரோடு காலி’ என்று நாம் சொல்லும்போது, ‘வண்டிகள் இல்லை’ என்று மட்டும்தான் அர்த்தம். கையில் மருந்துக்கடைக் கவரோடு சென்டர் மீடியனில் நின்று, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கி எதிர்ப்பக்கம் போக வேண்டிய பெண்ணும் வருவதில்லை.

அந்தப் பெரியவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நகரச் சாலையில் வேக வரம்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, ஸ்பீடாமீட்டரைப் பார்த்துப் பதில் தேடினால் கிடைக்காது. அவரைப் பார்த்தால்தான் கிடைக்கும்.

சென்னையில் என்ன நடந்தது?

இந்த விவாதம் சென்னையில் சூடுபிடித்தது 2023-ம் ஆண்டில். அந்த ஜூன் மாதம், பகலில் 40 கி.மீ., இரவில் 50 கி.மீ. என்ற வரம்போடு, வேகத்தை அளக்கும் ரேடார் கருவிகளும் கேமராக்களும் வரப்போவதாகச் செய்தி வந்தது. உடனே, ‘‘40-ல எப்படிங்க கார் ஓட்டுறது? பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே கொன்னுடுவான்’’ என்று எதிர்ப்பு கிளம்பியது. போக்குவரத்து போலீஸார் அதைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, வரம்புகளை மறு ஆய்வு செய்யக் குழு அமைத்தார்கள். நவம்பர் 2023-ல் புதிய வரம்புகள் நடைமுறைக்கு வந்தன.

* கார் போன்ற இலகு ரக வாகனங்கள்: மணிக்கு 60 கி.மீ.
* இருசக்கர வாகனங்கள்: 50 கி.மீ.
* பஸ், லாரி போன்ற கனரக வாகனங்கள்: 50 கி.மீ.
* ஆட்டோ: 40 கி.மீ.
* குடியிருப்புப் பகுதிகள்: எந்த வண்டியாக இருந்தாலும் 30 கி.மீ.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். உங்கள் தெருவில், என் தெருவில், எல்லோருக்கும் 30-தான். ‘வீட்டுக்குப் பக்கத்துலதானே’ என்று தெருமுனையில் 45-ல் திரும்புகிற பைக்கும், டெலிவரி கொடுக்க அவசரமாகப் பறக்கிற ஸ்கூட்டரும் அந்த வரம்பைத் தாண்டித்தான் போகின்றன. 60 என்ற எண் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. இந்த 30 எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

மத்திய அரசின் 2018-ம் ஆண்டு அறிவிக்கையின்படி, நகர எல்லைக்குள் காருக்கு உச்ச வேகம் 70 கி.மீ., பைக்குக்கு 60, ஆட்டோவுக்கு 50. அது மேல் வரம்பு மட்டுமே. அதற்குக் கீழே, உள்ளூர் நிலைமைக்கு ஏற்ப மாநிலங்கள் குறைத்துக்கொள்ளலாம். சென்னை ஒவ்வொன்றிலும் 10 கி.மீ. குறைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த 60 போதுமான அளவுக்குக் குறைவுதானா?

ஒரு 20 மீட்டர் கணக்கு

பேப்பர், பேனா எதுவும் வேண்டாம். மனக்கணக்கே போதும்.

அந்தப் பெரியவர் மீடியனிலிருந்து சாலையில் காலை வைக்கிறார். உங்கள் வண்டிக்கும் அவருக்கும் இடையே 20 மீட்டர், அதாவது ஒன்றரை மாநகரப் பேருந்து நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். நீங்கள் அவரைப் பார்த்து, மூளை ‘பிரேக்’ என்று சொல்லி, கால் பிரேக்கை மிதிக்கக் குறைந்தது ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடி வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும். காய்ந்த சாலை, நல்ல டயர், நல்ல பிரேக் என்று வைத்துக்கொள்வோம்.

* 30 கி.மீ. வேகத்தில் வந்தால், சுமார் 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். பெரியவர் உங்களை ஒரு முறை முறைத்துவிட்டுப் போவார்.
* 40-ல் வந்தால், கிட்டத்தட்ட 20 மீட்டரில் நிற்கும். மயிரிழையில் தப்பிப்பார்.
* 50-ல் வந்தால், நிற்கச் சுமார் 28 மீட்டர் வேண்டும். 20 மீட்டரில் அவரை இடிக்கும்போது உங்கள் வேகம் இன்னும் 37 கி.மீ. இருக்கும்.
* 60-ல் வந்தால், யோசிக்கும் அந்த ஒரு விநாடியிலேயே 16 மீட்டருக்கு மேல் போயிருக்கும். பிரேக் பிடிக்க மிச்சம் இருப்பது மூன்றே சொச்சம் மீட்டர். இடிக்கும்போது வேகம் கிட்டத்தட்ட 55 கி.மீ.

40-க்கும் 60-க்கும் வித்தியாசம் வெறும் 20 கி.மீ.தான் என்று ஸ்பீடாமீட்டர் முள் சொல்கிறது. ஆனால் அதே இடம், அதே மனிதர், அதே டிரைவர். ஒன்றில் அவர் மேலே ஒரு கீறல்கூட விழவில்லை. மற்றொன்றில் 55 கி.மீ. வேகத்தில் ஒரு டன் இரும்பு அவர் மேல் மோதுகிறது.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. பள்ளியில் இயற்பியல் பாடத்தில் படித்த அதே இயக்க ஆற்றல் கணக்குதான் இது. தேர்வுக்குப் பிறகு நாம் மறந்துவிட்டோம், சாலை மறக்கவில்லை. மழை பெய்து சாலையின் பிடிப்பு பாதியாகக் குறைந்தால், பிரேக் தூரம் அப்படியே இரட்டிப்பாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒரு கணக்கு. 50 கி.மீ. வேகத்தில் போகும்போது மொபைலில் வந்த மெசேஜை இரண்டு விநாடி எட்டிப் பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு 28 மீட்டர் ஓட்டியதற்குச் சமம். இரண்டு பஸ் நீளத்துக்கும் மேல்!

எந்த மாடியிலிருந்து விழுகிறோம்?

‘55-ல இடிச்சா என்ன ஆகும்’ என்பது எண்ணாகச் சொன்னால் உறைக்காது. மாடிக் கணக்கில் சொல்லலாம். ஒரு மனிதர் உயரத்திலிருந்து தரையில் விழும்போது அடையும் வேகத்தை வைத்துப் பார்த்தால், 30 கி.மீ. என்பது முதல் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 40 என்றால் இரண்டாவது மாடி. 50 என்றால் மூன்றாவது மாடி. 60 என்றால் நான்காவது மாடியையும் தாண்டி.

முதல் மாடியிலிருந்து விழுந்தவர்கள் கை, கால் முறிவோடு பிழைத்த கதை எல்லா ஊரிலும் இருக்கும். நான்காவது மாடியிலிருந்து விழுந்து பிழைத்தவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கும் இதையே உறுதி செய்கிறது. சாலையில் சராசரி வேகம் 1 சதவிகிதம் கூடினால், உயிர்ப்பலி ஏற்படுத்தும் விபத்துக்கான அபாயம் 4 சதவிகிதம் கூடுகிறது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே பலன் பல மடங்கு என்று இதைத் திருப்பியும் படிக்கலாம்.

செத்தவர்களில் பெரும்பாலானோர் காரில் இல்லை

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் அந்த ஒரே ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. உயிரிழப்பில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்து இரண்டாவது இடம், 17,884 பேர். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால், நம் மாநிலத்தில் மட்டும் 49 பேர். நாடு முழுக்க நடந்த மரணங்களில் பத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது.

அதே அறிக்கையில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விவரமும் இருக்கிறது. இறந்தவர்களில் 44.5 சதவிகிதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். 19.5 சதவிகிதம் பேர் நடந்து போனவர்கள். ஆக, நூற்றில் 64 பேருக்குச் சுற்றிலும் இரும்புக் கூடு இல்லை, ஏர்பேக் இல்லை, சீட் பெல்ட் இல்லை.

அப்படியென்றால், சாலையின் வேக வரம்பை நிர்ணயிக்கும்போது காரின் பலத்தை வைத்துக் கணக்குப் போடலாமா?

வரம்பை நிர்ணயிக்க இரண்டு வழி

உலகம் முழுக்க வேக வரம்பை முடிவு செய்ய இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதல் வழி, ஓட்டுகிறவர்களைக் கேட்பது. சாலை ஓரத்தில் கருவியை வைத்து, வண்டிகள் எந்த வேகத்தில் போகின்றன என்று அளப்பார்கள். 100 வண்டிகளில் 85 வண்டிகள் எந்த வேகத்தைத் தாண்டாமல் போகின்றனவோ, அதையொட்டி வரம்பு வைப்பார்கள். அமெரிக்காவில் நீண்டகாலம் கோலோச்சிய முறை இது. ‘பெரும்பாலானவர்கள் புத்திசாலித்தனமாகத்தான் ஓட்டுவார்கள்’ என்பது இதன் நம்பிக்கை. குறுக்கே யாரும் நடக்காத நெடுஞ்சாலைக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் பஜாரும் பஸ் ஸ்டாப்பும் உள்ள சாலையில்? எல்லோரும் வேகமாகப் போனால், வரம்பும் கூடிவிடும். மீடியனில் நிற்கும் பெரியவரை இந்த முறையில் யாரும் கேட்பதே இல்லை.

இரண்டாவது வழி, உடம்பைக் கேட்பது. ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-ல் ஏற்றுக்கொண்ட ‘விஷன் ஜீரோ’ கொள்கையின் அடிப்படை இது. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்குத் தண்டனை மரணமாக இருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஆகவே, மோதல் நடந்தாலும் உடம்பு தாங்குகிற வேகத்தில் வரம்பு இருக்க வேண்டும். கணக்கு ரொம்ப எளிமையானது. நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கிற இடத்தில் 30 கி.மீ. காரின் பக்கவாட்டில் இன்னொரு கார் மோத வாய்ப்புள்ள சந்திப்புகளில் 50. நேருக்கு நேர் மோத வாய்ப்புள்ள சாலையில் 70.

2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனமும், நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்களோடு வண்டிகள் கலக்கும் பகுதிகளில் உச்ச வரம்பு 30 என்றே வலியுறுத்தியது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வாருங்கள். குடியிருப்புத் தெருவுக்கு 30 என்பது கச்சிதமாகப் பொருந்துகிறது. பிரச்னை மெயின் ரோட்டில்தான். பூந்தமல்லி நெடுஞ்சாலையையோ ஆற்காடு சாலையையோ நினைத்துப் பாருங்கள். பெயர்தான் மெயின் ரோடு. இருபக்கமும் கடை, கடைக்கு முன்னால் பைக், நடைபாதையில் தள்ளுவண்டி, அதனால் சாலையில் இறங்கி நடக்கும் ஜனங்கள், பஸ் ஸ்டாப், பள்ளி வாசல், கோயில் வாசல். வண்டி ஓட்டுகிறவருக்கு அது ஒரு வழி, அங்கே வாழ்கிறவருக்கு அது ஒரு தெரு. இரண்டையும் ஒரே 60 என்ற எண்ணால் ஆள முடியாது.

போதாததற்கு, அதே தடத்தில் கார் 60, பைக் 50, ஆட்டோ 40. மெதுவாகப் போகிறவரை வேகமாகப் போகிறவர் முந்திக்கொண்டே இருக்க வேண்டிய ஏற்பாடு இது. முந்தும்போது கவனம் முழுக்க முன்னால் போகும் வண்டி மேல்தான் இருக்கும். ஓரத்தில் நிற்பவர் மேல் இருக்காது.

ஆகவே மறு ஆய்வு 2023-லேயே முடிந்துவிட்டது என்று விட்டுவிட முடியாது. நகரம் முழுக்க ஒரே எண் என்பதை விட்டு, சாலையைத் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். மார்க்கெட், பஸ் நிலையம், பள்ளி, மருத்துவமனை இருக்கும் துண்டில் 30. நல்ல நடைபாதையும் சிக்னலும் இருக்கும் துண்டில் 50. யாரும் குறுக்கே நடக்க வாய்ப்பில்லாத மேம்பாலம், புறவழிச் சாலை போன்ற இடங்களில் அதற்கு மேல்.

‘அய்யோ, லேட் ஆகிடுமே!’

நியாயமான பயம். அதையும் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

அரை கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மார்க்கெட் பகுதியை 50-ல் கடந்தால் 36 விநாடி. 30-ல் கடந்தால் 60 விநாடி. வித்தியாசம் 24 விநாடி. அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்தால் நீங்கள் சும்மா நிற்கப்போகிற நேரம் அதைவிட அதிகம்.

நாளைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டிலிருந்து ஆபீஸ் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 12 கி.மீ. தூரத்துக்கு 40 நிமிடம் ஆனால், உங்கள் சராசரி வேகம் மணிக்கு 18 கி.மீ.தான். இடையில் எங்கெங்கே 60-ஐத் தொட்டீர்களோ, அதெல்லாம் அடுத்த சிக்னலில் மற்றவர்களுக்கு முன்னால் போய் நிற்கத்தான் உதவியிருக்கும். நகரத்தில் நம் நேரத்தைச் சாப்பிடுவது சிக்னலும், தாறுமாறான பார்க்கிங்கும், யூ-டர்ன் நெரிசலும். வேக வரம்பின் மேல் பழி போடுவது சுலபம், அவ்வளவுதான்.

இந்த எதிர்ப்பு நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2023 செப்டம்பரில், மக்கள் வசிக்கும் இடங்களின் சாலைகளுக்கு மணிக்கு 20 மைல், அதாவது 32 கி.மீ. என்று பொது வரம்பு கொண்டுவந்தார்கள். எதிர்த்து லட்சக்கணக்கானவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அரசு என்ன செய்தது தெரியுமா? திட்டத்தைக் கைவிடவில்லை. எந்தெந்தச் சாலைகளில் பழைய வரம்பு பொருந்தும் என்று உள்ளாட்சிகளை மறு ஆய்வு செய்யச் சொன்னது. இதற்கிடையில் அந்தச் சாலைகளில் உயிரிழப்பும் காயமும் குறைந்திருப்பதாகப் புள்ளிவிவரம் காட்டியது. பின்லாந்தின் ஹெல்சின்கி நகரம், குடியிருப்புப் பகுதிகளிலும் நகர மையத்திலும் 30 வரம்பைப் பரவலாக்கியது. 2019-ல் அந்த நகரத்தில் நடந்துபோன ஒருவர்கூட விபத்தில் சாகவில்லை. ஒருவர்கூட!

போர்டு மட்டும் போதாது

30 என்று போர்டு மாட்டிவிட்டு, விமான ஓடுபாதை மாதிரி அகலமாகச் சாலை போட்டால், யார் 30-ல் போவார்கள்? ஓட்டுகிறவர் போர்டைவிடச் சாலையைத்தான் படிக்கிறார். தடம் குறுகலாக இருந்தால், நடைபாதை தெளிவாக இருந்தால், திருப்பம் கூர்மையாக இருந்தால் கால் தானாக பிரேக்குக்குப் போகும். சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலப்படுத்திய பிறகு அங்கே வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ‘இங்க மெதுவாப் போங்க’ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வேகத்தடையையே எடுத்துக்கொள்ளுங்கள். 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் கடக்க, 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸின் தர அளவு சொல்கிறது. நம் தெருக்களில் ராவோடு ராவாக முளைக்கும் ஒரு முழ அகலத் தடைகளோ, பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் இடுப்பைத்தான் பதம் பார்க்கின்றன.

பாதசாரி சிக்னலிலும் இதே கதைதான். சராசரி மனிதர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்தால், 100 அடி அகலச் சாலையைக் கடக்க 25 விநாடி போதும். முழங்கால் வலியோடு விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் நம் பெரியவருக்கு 38 விநாடி வேண்டும். பச்சை விளக்கு 25 விநாடியில் அணைந்தால், மிச்சம் 13 விநாடி அவர் நடுரோட்டில் இருப்பார். ‘நடைமேம்பாலத்துல ஏறிப் போகலாமே’ என்பவர்கள், தங்கள் அம்மாவை ஒருமுறை அந்தப் படிகளில் ஏறச் சொல்லிப் பார்க்கட்டும்.

இதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லையா என்றால், இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன், விபத்தில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடர்ந்தார். அதன் விளைவாக 2014-ல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதே வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, தர அளவுகளைப் பின்பற்றாமல் சாலையை வடிவமைத்து, அதனால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது.

‘நம்மது ஃபைவ் ஸ்டார் கார் சார்!’

2023-ல் தொடங்கிய பாரத் என்கேப் சோதனைக்குப் பிறகு, கார் வாங்கும்போது ஸ்டார் கேட்டு வாங்கும் பழக்கம் வந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் அந்த முன்பக்க மோதல் சோதனை நடப்பது 64 கி.மீ. வேகத்தில். 100-ல் போய் மோதினால் அந்த ஸ்டார் செல்லாது. அதோடு, ஸ்டார் பெரும்பாலும் பேசுவது உள்ளே இருப்பவர்களைப் பற்றி. அதுவும் சீட் பெல்ட் போட்டிருந்தால்தான், பின் சீட்டில் இருப்பவர் உட்பட. 

இருசக்கர வாகனத்தில் போகிறவர்களுக்கு இருக்கும் ஒரே கூடு ஹெல்மெட்தான். அது மரண அபாயத்தைச் சுமார் 42 சதவிகிதமும், தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவிகிதமும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பெட்ரோல் டேங்க் மேல் வைத்த ஹெல்மெட்டுக்கும், வார் மாட்டாத ஹெல்மெட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

நாளையிலிருந்து நாம் என்ன செய்யலாம்?

* தெருவுக்குள் 30: போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மெயின் ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்பியதும் வேகத்தைக் குறைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாப்பில் பஸ் நின்றிருந்தால், அதற்கு முன்னாலிருந்து ஒருவர் ஓடி வருவார் என்று வைத்துக்கொண்டே கடந்து செல்லுங்கள்.

* பைக்கில் குழந்தையா? 40-தான்: 9 மாதத்திலிருந்து 4 வயது வரையிலான குழந்தையை பைக்கில் அழைத்துச் சென்றால், குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வாரும் வேண்டும், வேகம் 40 கி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து இது சட்டம். ஸ்கூலுக்குக் கொண்டுவிடும் அப்பா, அம்மாக்களில் பலருக்கு இது தெரிவதே இல்லை.

* பின்னால் ஹாரன் அடிக்கிறாரா? இடதுபக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள். அவருடைய அவசரத்துக்காக உங்கள் வேகத்தைக் கூட்ட வேண்டாம். ஃபைனும் பாவமும் உங்களுக்குத்தான். இலகு ரக வாகனத்துக்கு அதிவேக அபராதம் சட்டப்படி 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் வரை.

* டிரைவரை அவசரப்படுத்தாதீர்கள்: ‘‘அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் போங்க, ட்ரெயினுக்கு டைம் ஆச்சு’’ என்று ஆட்டோ அண்ணனிடம் சொல்வதைவிடப் பத்து நிமிடம் முன்னால் கிளம்பலாம். சாப்பாடு டெலிவரி தம்பியிடமும் ‘‘இன்னும் வரலையா?’’ என்று நான்கு முறை போன் செய்யாதீர்கள். அவர் அந்த போனை ஓட்டிக்கொண்டேதான் எடுப்பார்.

* உங்கள் ஏரியாவைக் கவனியுங்கள்: எந்த இடத்தில் அடிக்கடி விபத்து நடக்கிறது, எங்கே ஜீப்ரா கோடு அழிந்திருக்கிறது, எந்த சிக்னலில் பெரியவர்களால் கடக்க முடியவில்லை என்பது அங்கே குடியிருக்கும் உங்களுக்குத்தான் தெரியும். போட்டோ எடுத்து, நேரத்தைக் குறித்து, குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் போக்குவரத்து போலீஸுக்கும் வார்டு கவுன்சிலருக்கும் எழுதுங்கள். சென்னை மாநகராட்சியின் புகார் எண் 1913. ‘வேகத்தடை போடுங்க’ என்று மட்டும் கேட்காமல், ‘இந்த அரை கிலோமீட்டருக்கு 30 கி.மீ. வரம்பும், நடைபாதையும், சிக்னலில் கூடுதல் நேரமும் வேண்டும்’ என்று குறிப்பாகக் கேளுங்கள்.

* விபத்தைப் பார்த்தால் நில்லுங்கள்: 108-ஐ அழையுங்கள். ‘போலீஸ் கேஸ் ஆகிடும்’ என்ற பயம் வேண்டாம். உதவி செய்தவரைத் தொல்லை செய்யக் கூடாது என்று 2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் 134ஏ பிரிவே பாதுகாப்பு தருகிறது. உங்கள் பெயரைச் சொல்லும் கட்டாயம்கூட இல்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும். ‘காசு யார் கட்டுவது’ என்று யாரும் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

இன்று இரவு வீடு திரும்பும்போது சாலை காலியாக இருக்கலாம். கால் ஆக்ஸிலரேட்டரைத் தேடும். அப்போது அந்த மீடியனை மட்டும் ஒரு முறை பாருங்கள். மருந்துக்கடைக் கவரோடு நிற்கிறவர் யாரோ ஒருவர்தான். ஆனால் உங்கள் அப்பாவும் இன்று மருந்து வாங்க ஏதோ ஒரு சாலையைக் கடந்துதானே போயிருப்பார்? அங்கே வண்டி ஓட்டி வந்த யாரோ ஒருவர் 60-க்குப் பதில் 40-ல் வந்திருப்பார். அப்பா பத்திரமாக வீட்டுக்கு வந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ‘‘ஏன்டா இவ்வளவு லேட்டு?’’ என்று உங்களைக் கேட்பார்.

கேட்கட்டும். லேட்டானால் பரவாயில்லை.